சிவசோதியின் ஈ

தேக்கா

தேக்கா சந்தையில் மீன் விற்கும் பக்கம் தரை எந்நேரமும் ஈரமாகவே இருக்கிறது. பனிக்கட்டி உருகி ஓடும் அந்த ஈரத்தில் வழுக்காமல் நடக்க எனக்குச் சிரமமில்லை. முடசலோடையில் விடிகாலை மீன் ஏலத்தில் நடந்து பழகிய கால்கள். பெயர்கள்தான் இடறின. நம்முடைய கொடுவா இங்கே சியாக்காப். கணவாய் என்றால் சோத்தோங். இறாலுக்கு ஊடாங். கடைக்காரர் தஞ்சாவூர்ப் பக்கம். "ரெண்டு பேரும் ஞாபகம் வச்சிக்கணும் சார். மலாய்க்காரம்மா வந்தா சியாக்காப், நம்மாளு வந்தா கொடுவா. மீனு ஒண்ணுதான்" என்றார், செதிள் சீவுவதை நிறுத்தாமல்.

நானும் ஒரு பெயரின் பின்னால்தான் சிங்கப்பூர் வந்திருந்தேன். அக்கா மகன் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறான். வா, வா என்று ஏழெட்டு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவனுக்கு, மாமா வந்ததற்கான காரணம் ஓர் ஈ என்று தெரிந்தபோது முதலில் விளங்கவில்லை. சந்தையை ஒட்டிய சாப்பாட்டுக் கடைகளில் ஒன்றில் உட்கார்ந்து 'கோசோங்' பரோட்டா சொன்னான். உள்ளே முட்டை, வெங்காயம் ஒன்றும் வைக்காத வெறும் பரோட்டா. தொட்டுக்கொள்ள மீன் குழம்பு. புளிப்பு நம் ஊர்ப் புளிப்பு. மேலே மிதந்த கறிவேப்பிலையும் அப்படியே. தேத்தண்ணீர் மட்டும் வேறு. கெட்டிப் பால் ஊற்றி, ஒரு முழம் உயரத்திலிருந்து இழுத்து இழுத்து ஆற்றிய 'தே தாரேக்'.

"எந்த ஈ மாமா? வீட்டுல பறக்குற ஈயா?"

வீட்டு ஈ இல்லை. இது நெடுங்கால் ஈக் குடும்பம். உலகம் முழுவதும் 7,000-க்கு மேற்பட்ட இனங்களுக்கு இதுவரை பெயர் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவை அரிசி மணி அளவுக்குள் அடங்கும். உடம்பு பச்சை, செம்பு, நீலம் என்று உலோகம்போல மின்னும். உடம்பின் அளவுக்குக் கால்கள் மிக நீளம். நிற்கும்போது முன்பக்கம் நிமிர்ந்து, ஏதோ கேட்கக் காத்திருப்பதுபோல நிற்கும். நம்மைக் கடிக்காது, சாப்பாட்டில் மொய்க்காது. தன்னைவிடச் சிறிய, மெல்லுடல் கொண்ட உயிர்களை வேட்டையாடித் தின்னும். தோட்டத்தில் செம்பருத்தி இலைமேல் பச்சைப் பொட்டாக உட்கார்ந்து, நிழல் பட்டவுடன் காணாமல் போவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பார்த்தோம் என்று தெரியாமலே பார்த்திருப்பார்கள்.

முப்பது வருடம் பள்ளியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தேன். ஓய்வுபெற்ற பிறகு, அலையாத்திக் காட்டுப் பூச்சிகளைப் பற்றித் தேடிப் படித்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் அந்தப் பெயர் கண்ணில் பட்டது. இங்கிராஃபியம் சிவசோதிஐ. சிங்கப்பூரின் அலையாத்திச் சேற்றில் கண்டுபிடிக்கப்பட்டு, 2014-இல் அறிவியலுக்கு அறிமுகமான நெடுங்கால் ஈ. விவரித்துப் பெயர் வைத்தவர்கள் இருவர்: பெல்ஜியத்தின் பாட்ரிக் குரூட்டார்ட், சிங்கப்பூரின் ஜெயந்தி புண்ணியமூர்த்தி. லத்தீன் பெயருக்குள் சிவசோதி என்று வாசித்த கணத்தில் மனசுக்குள் ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

பெயரைப் பிரித்துப் பார்ப்பது ஆசிரியத் தொழிலின் பழக்கம். முதல் பாதி, பேரினப் பெயர். ஆங்கிலத்தில் 'என்', 'ஜி' என்ற இரண்டே எழுத்தில், உயிரெழுத்தே இல்லாமல் எழுதப்படும் ஒரு சீனக் குடும்பப்பெயர் அதன் தலையில் நிற்கிறது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இதைச் சொல்லத் திணறுகிறார்கள். நமக்குத் திணறலில்லை, அந்த ஒலிக்கென்றே ஓர் எழுத்து நம்மிடம் இருக்கிறது. சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்தித்தாளில் 'இங்' என்று எழுதுகிறார்கள். இந்த இங், பீட்டர் இங். நண்டு ஆராய்ச்சியில் உலகறிந்தவர். அவர் பெயரோடு ராஃபியம் என்ற பழைய பேரினப் பெயரைச் சேர்த்து 2002-இல் நீல் ஈவன்ஹியூஸும் குரூட்டார்டும் புதிய பேரினத்தை அமைத்தார்கள். அப்போது அதில் ஒரே ஓர் இனம். சிங்கப்பூரின் சதுப்புப் பூச்சிகளை நெடுங்காலம் ஆராய்ந்த மர்ஃபி என்ற பேராசிரியரின் பெயர் அதற்கு. பன்னிரண்டு வருடம் கழித்து மேலும் இரண்டு சேர்ந்தன. ஒன்று நீலநிறத்தால் பெயர் பெற்றது. மற்றது சிவசோதி.

கடைசியில் ஒட்டியிருக்கும் 'ஐ' உடைமை உருபு. நம் இலக்கணத்தில் ஐ இரண்டாம் வேற்றுமை. லத்தீனில், ஓர் ஆணின் பெயரோடு சேரும்போது, ஆறாம் வேற்றுமை. சிவசோதியினுடைய ஈ என்று பொருள். கண்டுபிடித்தவர் தன் பெயரையே வைத்துக்கொள்ளும் மரபு கிடையாது. இன்னொருவருக்குத்தான் கொடுக்க வேண்டும். சிவசோதி சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் கற்பிப்பவர். நீர்நாய்களை ஆராய்ந்தவர், அதனாலேயே 'நீர்நாய் மனிதர்' என்று செல்லப் பெயரும் உண்டு. 1999-இல் வெளிவந்த சிங்கப்பூர் அலையாத்திக் காடுகளின் வழிகாட்டி நூலைத் தொகுத்த இருவர் பீட்டர் இங்கும் சிவசோதியும். புத்தக அட்டையில் அருகருகே நின்ற இரண்டு பெயர்கள் ஓர் ஈயின் பெயரிலும் அருகருகே வந்து நிற்கின்றன.

அக்கா மகன் தே தாரேக்கை ஒரே மூச்சில் குடித்து வைத்தான். "சரி மாமா. எங்க போகணும், சொல்லுங்க."

கென்ட் ரிட்ஜ்

கென்ட் ரிட்ஜில் இருக்கும் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2015-இல் திறக்கப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் பிளவுபட்ட பாறை, பிளவுக்குள் செடிகள். உள்ளே நுழைந்ததும் மூன்று பெரிய டைனோசர் எலும்புக்கூடுகள். குழந்தைகள் அண்ணாந்து நின்றார்கள். அதே 2015-இல் ஜூரோங் தீவுக்கு அப்பால் செத்து மிதந்த எண்ணெய்த் திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் இருக்கிறது. அதன் வயிற்றிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் குவளை ஒன்றைப் பார்த்தேன். நாம் மோர் குடிக்கிற அளவுக் குவளை. அங்கிருந்து நகர நேரமாயிற்று.

பெரிய உயிர்களுக்குக் கூடம் போதும். நான் தேடி வந்த உயிருக்கு நுண்ணோக்கி வேண்டும். தெரிந்தவர் ஒருவர் வழியாக ஆய்வு மாணவி ஒருத்தியிடம் ஒரு மதியம் கேட்டு வாங்கியிருந்தேன். ஈப்போவிலிருந்து படிக்க வந்த பெண். "வாங்க அங்கிள், சாப்பிட்டீங்களா?" என்றுதான் முதல் வார்த்தை. மேசைமேல் சுண்டுவிரல் பருமனில் குப்பிகள். ஒவ்வொன்றிலும் சாராயம், அதன் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி, பென்சிலில் எழுதிய துண்டுச் சீட்டு. மை கரைந்துவிடும் என்பதால் பென்சில்.

பூச்சிகளை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று முதலில் காட்டினாள். மெல்லிய வலையில் தைத்த கூடாரம், பக்கங்கள் திறந்திருக்கும். பறந்து வந்து நடுத் திரையில் முட்டும் பூச்சி மேலே ஏறுவதுதான் வழக்கம். ஏறிப்போகும் மூலையில் குப்பி. ஸ்வீடனின் ரெனே மலேஸ் தன் கூடாரத்துக்குள் நுழைந்த பூச்சிகள் மேல் மூலையில் போய்ச் சேர்வதைக் கவனித்து உருவாக்கிய உத்தி. 1934-இல் பர்மாவில் வெற்றிகரமாகப் பயன்படுத்தினார். அலையாத்திக் காட்டில் அதையே ஓதம் ஏறும் உயரத்துக்கு மேல் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் நண்டுதான் மிஞ்சும் என்றாள்.

வாரம் ஒரு குப்பியில் ஆயிரக்கணக்கில் விழும். முன்பெல்லாம் அதைப் பிரிக்கவே ஒருவரின் ஆயுள் போதாது. பேராசிரியர் ருடால்ஃப் மையர் குழுவினர் இங்கே வேறு வழி கண்டார்கள். ஒவ்வொரு பூச்சியிலும் மரபணுவின் ஒரு சிறு துண்டை, 313 எழுத்து நீளம், படிக்கிறார்கள். எழுத்து ஒத்துப்போகிறவை ஒரு குவியல். குவியல் பிரிந்த பிறகு கண் வேலை தொடங்குகிறது. அப்படி 1,40,000-க்கு மேற்பட்ட பூச்சிகளைச் சிங்கப்பூரின் வெவ்வேறு காடுகளிலிருந்து எடுத்துப் படித்து 2021-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அலையாத்திக் காடுகளில் மட்டும் 3,000-க்கு மேற்பட்ட பூச்சி இனங்கள். அவற்றில் பாதிக்கு மேல் அங்கே மட்டுமே கிடைத்தவை. மரவகை குறைவு, உப்பு, சேறு, பூச்சியும் குறைவாகத்தான் இருக்கும் என்று புத்தகங்கள் சொல்லிவந்தன. நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

"அந்த எழுத்துலயே எல்லாம் முடிஞ்சிடுதா?" என்று கேட்டேன்.

"முடியாது அங்கிள். அது குவியல் பிரிக்க. இது புது இனம்னு சொல்லணும்னா இதைப் பார்க்கணும்" என்று நுண்ணோக்கியை என் பக்கம் திருப்பினாள்.

குனிந்தேன். முதலில் வெறும் வெளிச்சம். பிறகு ஒரு தலை. தலை என்பதே கண்தான்; நூற்றுக்கணக்கான அறுகோணங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புத் துளி. மார்பு பச்சை. இடுக்கியால் அவள் மெல்லத் திருப்பியபோது பச்சை செம்பாகி, செம்பு ஊதாவாகிற்று. இது சாயமில்லை, மேல்தோலின் நுண்ணமைப்பில் பட்டு ஒளி திரும்புவதால் வருகிற நிறம். அதனால்தான் சாராயத்தில் கிடந்தும் போகவில்லை. நடுக்காலின் உள்பக்கம் ஒரே அளவில் ஒரு வரிசை முள், சீப்புப் பல்போல. வயிற்றின் நுனி அடியில் மடங்கி, உறைக்குள் வைத்த அரிவாள்போல ஒட்டிக் கிடந்தது. ஆணின் இனப்பெருக்க உறுப்பு அது. நெடுங்கால் ஈக்களில் இனத்துக்கு இனம் அதன் வடிவம் மாறும். காலில் உள்ள முள்ளும் மயிரும் பட்டையும் பெரும்பாலும் ஆணுக்கு மட்டுமே. பெண்ணின் முன்னால் நின்று காலைத் தூக்கிக் காட்டுவதற்கு. பெண் ஈக்கள் ஒன்றுபோல் இருக்கும். எந்த ஆணுக்கு எந்தப் பெண் இணை என்று முன்பு அனுமானம்தான் செய்ய முடியும். இப்போது அந்த 313 எழுத்து இணையைச் சேர்த்துவைக்கிறது.

ஓர் ஈயைப் புதிது என்று எழுதுவதற்குள் எத்தனை வேலை. அதன் உறவினர்களைப் பற்றி இதுவரை எழுதப்பட்ட ஒவ்வொரு விவரிப்பையும் எடுத்து ஒப்பிட வேண்டும். சில விவரிப்புகள் நூறு வருடத்துக்கு முந்தியவை, ஜெர்மனிலோ லத்தீனிலோ இரண்டே வரி. அப்போது அந்தப் பழைய ஈயை வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்கு எழுதி, அதைப் பார்க்க வேண்டும். இறக்கையின் நரம்பு, உணர்கொம்பின் ஒவ்வொரு கணு, ஒவ்வொரு காலின் ஒவ்வொரு துண்டு, எல்லாவற்றையும் அளந்து எழுத வேண்டும். அரிவாள் நுனியை வரைய வேண்டும். கடைசியில் ஒரே ஓர் ஈயைத் தேர்ந்து வகைமாதிரி என்று சீட்டு ஒட்டி அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும். இனிமேல் எவருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த ஒற்றை ஈயிடம்தான் வந்து நிற்க வேண்டும். சிங்கப்பூரின் தினோஃபிலஸ் என்ற பேரினத்தைப் பற்றி 2018-இல் குரூட்டார்ட் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே அது நெடுநாள் ஆய்வு என்று இருக்கிறது. தலைப்பில் போடுகிற அளவுக்கு நெடுநாள்.

மாணவி குப்பியை மூடினாள். சீட்டைப் படித்தேன். இடம், தேதி, வலையின் எண். இனத்தின் பெயருக்கான இடம் காலியாக இருந்தது.

சுங்கை பூலோ

தீவின் வடமேற்கு ஓரம். ஜொகூர் நீரிணைக்கு அப்பால் மலேசியக் கட்டடங்கள் தெரிகின்றன. அக்கா மகனுக்கு அன்று வேலை, தனியாகப் போனேன். வழிகாட்டும் தன்னார்வலர் ஓர் அம்மா. ஓய்வுபெற்ற ஆசிரியை. அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவராம். இரண்டு ஆசிரியர்கள் சந்தித்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. முதல் அரை மணி பிள்ளைகளைப் பற்றியே பேசினோம்.

இந்த இடத்தின் கதை என்னை உலுக்கியது. இங்கே முன்பு இறால் பண்ணைகள் இருந்தன. கைவிடப்பட்ட அந்தக் குட்டைகளில் வலசைப் பறவைகள் இறங்குவதை 1986-இல் பறவை பார்க்கும் குழுவினர் கண்டு, காப்பாற்றச் சொல்லி அரசுக்கு எழுதினார்கள். 1993-இல் பூங்காவாகத் திறந்தார்கள். எங்கள் வெள்ளாற்று முகத்துவாரத்தில் நான் பார்த்தது இதன் மறுதலை. உப்பங்கழி ஓரமெல்லாம் என் கண்முன்னே இறால் குட்டை ஆனது. இறால் குட்டை திரும்பவும் உப்பங்கழி ஆகும் என்று அறுபது வயதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அதற்காக இங்கே எல்லாம் தப்பித்தது என்று சொல்லிவிட முடியாது. 1819-இல் ஆங்கிலேயர் வந்து இறங்கிய காலத்தில் தீவின் 13 சதவீதம் அலையாத்திக் காடு. இன்று ஒரு சதவீத அளவுக்குத்தான். ஆறுகளை அணை கட்டி நன்னீர்த் தேக்கமாக்கினார்கள், கரையை மேடாக்கினார்கள். மூவாயிரம் பூச்சி இனங்கள் மிச்சமிருக்கும் அந்தத் துண்டு துணுக்குகளில்தான்.

மரப்பலகை நடைபாதையில் போனோம். இரண்டு பக்கமும் சுரபுன்னையின் முட்டுவேர்கள். இங்கே பக்காவ். வெண்கண்டலின் மூச்சுவேர்கள் பென்சில்களை நட்டுவைத்ததுபோல. அது ஆப்பி-ஆப்பி. ஒரு வளைவில், சிவந்த இலைகள் உதிர்ந்து கிடந்த சிறு மரத்தை நோக்கி என் கை தானாக நீண்டது. அம்மா கையைப் பிடித்து இழுத்தார்.

"தொடாதீங்க சார். பூத்தா-பூத்தா. பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும்."

பூத்தா என்றால் மலாயில் குருடு. அவர் சொன்னது சரி, அந்தப் பால் பொல்லாதது. ஆனால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அது தில்லை மரம். எங்கள் சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே இந்த மரத்தால். நடராசர் கோயிலின் தலமரம். ஊருக்குள் இப்போது தேடிப் பார்த்தாலும் அரிது. பிச்சாவரத்துக் கழிகளில் நிற்கிறது. என் அப்பா படகிலிருந்தபடியே அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

சொன்னேன். அம்மா சிறிது நேரம் மரத்தையே பார்த்தார். "சின்ன வயசுலேருந்து இதைப் பார்த்து பயந்துதான் சார் பழக்கம்" என்றார். பிறகு கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, எட்டி நின்று, ஒரு கும்பிடு போட்டார்.

ஓதம் வற்றியிருந்தது. சேறு பளபளவென்று திறந்து கிடந்தது. உளுவை மீன்கள் துடுப்பை ஊன்றித் தாவின. ஓடைக்கு அக்கரையில் கட்டைபோல் கிடந்தது உப்புநீர் முதலை. எல்லோரும் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா தன் இருகண் நோக்கியை என்னிடம் கொடுத்து, நேர் கீழே, பாலத்தின் நிழலுக்கும் வெயிலுக்கும் நடுவில் பார்க்கச் சொன்னார்.

சேற்றின் மேல்படலத்தில் கடுகு சிதறியதுபோல் ஏதோ ஓடின. பறக்கவில்லை, ஓடின. நான்கு சாண் தூரம் நேராக ஓடி, சட்டென்று நின்று, திரும்பி, மறுபடி. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பச்சை கலந்த பழுப்பு. நின்றபோது கால்கள் ஆறும் விரிந்து, ஈர மேற்பரப்பில் ஆறு சிறு குழி விழுந்தது, மூழ்கவில்லை. முன்காலால் சேற்றைத் தட்டியது. மறுபடி தட்டியது. சடாரென்று தலையைக் குத்தி, நூல்போன்ற புழு ஒன்றை இழுத்தது. புழு நெளிந்தது. நெடுங்கால் ஈயின் வாய் கொட்டும் ஊசியில்லை. இரண்டு மெத்தென்ற மடல்கள். அவை இரையைச் சுற்றி மூடிக்கொண்டு நசுக்கும். புழுவின் பாதி மடலுக்குள் போனது. இன்னொரு ஈ ஓடி வந்தது. இது இரையோடு பின்வாங்கி, ஒரு மூச்சுவேரின் மறைவில் போய் நின்று தின்றது.

அது சிவசோதியின் ஈயா? தெரியாது. பாலத்தின் மேல் நின்று எவராலும் சொல்ல முடியாது. கால் முள்ளும் அரிவாள் நுனியும் தெரிய வேண்டும். எனக்கு அப்போது அது பெரிதாகவும் படவில்லை. ஓதம் திரும்பத் தொடங்கியது. நீர் விளிம்பு ஒரு விரற்கடை முன்னேறும்போதெல்லாம் ஈக்கள் ஒரு விரற்கடை பின்வாங்கின. கடைசியில் சேறு முழுவதும் மூடியபோது அத்தனையும் வேர்களின் மேல் ஏறி, வெயிலில் மின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

திரும்பும் வழியில் சிவசோதி பெயரைச் சொன்னேன். அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. சிவசோதி ஒருங்கிணைத்த கடற்கரைத் துப்புரவுப் பணிக்கு லிம் சூ காங் அலையாத்திக்கு ஒருமுறை போயிருக்கிறாராம். "குப்பையை அள்ளிப் போட்டா முடிஞ்சதுன்னு போனேன் சார். ஒவ்வொண்ணையும் எண்ணி எழுதணும். உறிஞ்சுகுழல் எத்தனை, போத்தல் மூடி எத்தனைன்னு. முழங்கால் சேத்துல நின்னு எழுதினேன்."

ஊபின்

சாங்கி முனையிலிருந்து படகு. பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் கிளப்பினார் படகுக்காரச் சீனப் பெரியவர். பத்து நிமிடத்தில் புலாவ் ஊபின். முன்பு கருங்கல் வெட்டிய தீவு. தகரக் கூரை வீடுகள், வாடகை சைக்கிள்கள், துறைமுகத்தை வெறித்துக்கொண்டு படுத்திருக்கும் நாய். அக்கா மகனும் அவன் மனைவியும் உடன் வந்தார்கள். அடுக்குமாடியின் இருபத்தோராம் தளத்தில் பிறந்து வளர்ந்த அவர்களின் ஐந்து வயது மகள் முதன்முதலாகக் காட்டுப்பன்றியைப் பார்த்து என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

தீவின் கிழக்கு மூலையில் செக் ஜாவா. அலையாத்தி, கடற்புல், பாறைக்கரை, மணல்திட்டு எல்லாம் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளும் முனை. 2001-இல் இதை மேடாக்க நாள் குறித்திருந்தார்கள். கடைசி மாதங்களில் மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். தன்னார்வலர்கள் சேற்றில் இறங்கி, அழியப்போகிற உயிர்களைப் பட்டியல் போட்டார்கள். அரசு திட்டத்தைத் தள்ளிவைத்தது. அந்தத் தள்ளிவைப்பு இன்றுவரை நிற்கிறது.

நடைபாதை ஓரம் ஓர் அகன்ற இலையில் பளிச்சென்று ஒன்று உட்கார்ந்தது. கண்ணாடி இறக்கை, தங்கப் பச்சை உடம்பு, தந்திக் கம்பிபோல் கால்கள். இது சேற்று ஈ இல்லை. அதே குடும்பத்தின் இலை ஈ. பேத்தியைத் தூக்கிக் காட்டினேன். அவள் அப்பாவின் கைப்பேசியை வாங்கி, நிழலாக இருந்ததால் ஒளி மின்ன, படம் எடுத்தாள். திரையில் இலை இருந்தது. ஈ இல்லை.

"பறந்துடுச்சு தாத்தா."

ஆனால் ஈ இலையிலேயே, பழைய இடத்துக்கு இரண்டு அங்குலம் தள்ளி, உட்கார்ந்திருந்தது. மறுபடி எடுத்தாள். வெறும் இலை. ஐந்து முறை. ஐந்து வெறும் இலைகள். இதை ஆந்த்ரே சொராகோவ் ஃப்ளோரிடாவில் கவனித்து 2011-இல் எழுதியிருக்கிறார். படக்கருவியின் ஒளி மின்னியதும், படம் பதிந்து முடிவதற்குள் நெடுங்கால் ஈ இலையைவிட்டு எழும்பிவிடுகிறது. ஒளியைக் கண்டு உடம்பு அசைவதற்கு எடுக்கும் நேரம் ஐந்து மில்லி விநாடிக்கும் குறைவு. நாம் ஒரு முறை கண் சிமிட்டுவதற்குள் இருபது முறை தப்பிக்கலாம்.

பேத்திக்கு மில்லி விநாடியெல்லாம் எப்படிச் சொல்வது? "கண்ண மூடி மூடித் திற" என்றேன். திறந்தாள். "நீ மூடுறதுக்குள்ள அது ஓடிப்போய்த் திரும்பி வந்துடும்." அவள் கண்ணை மூடவே இல்லை. நீர் வழிகிறவரை இமைக்காமல் அந்த இலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "பேரு என்ன தாத்தா?"

பேரினம் தெரியும், சொன்னேன். இனம் தெரியவில்லை என்றேன். அப்படியானால் அவளே வைக்கலாமா என்று கேட்டாள். வைக்கலாம், ஆனால் அதற்கு முன்னால் இதன் அண்ணன் தம்பி எல்லோரையும் போய்ப் பார்த்து, அவர்களில் ஒருவர் இல்லை என்று உறுதிசெய்துவிட்டு வர வேண்டும் என்றேன். எத்தனை பேர் என்றாள். ஏழாயிரம். யோசித்தாள். "போலாம்" என்றாள்.

துறைக்குத் திரும்பி இளநீர் குடித்தோம். மதியச் சாப்பாடு ஒரு சிறு கடையில்: வறுத்த மீ, காரமான சம்பல். வேலியோரத் தகடு ஒன்றில் நான்கு மொழியில் எச்சரிக்கை. மருமகள் அதில் 'அபாயம்' என்ற தமிழ் எழுத்துகளைச் சுட்டி மகளைக் கூட்டிப் படிக்கவைத்தாள். ஊரில் எங்கும் ஆங்கிலம்தான், இந்த மாதிரிப் பலகைதான் அவளுக்கு அரிச்சுவடி என்றாள். அ, பா, ய, ம்.

பிச்சாவரம்

ஊர் வந்து ஒன்பதாம் நாள் கழிக்குப் போனேன். காலை ஓதம் இறங்கும் நேரமாகப் பார்த்து. படகுக்காரத் தம்பி என்னிடம் படித்தவன். சுற்றுலாக்காரர்கள் போகும் பெரிய வாய்க்காலை விட்டு ஒரு கிளைக்குள் துடுப்பு வலிக்கச் சொன்னேன். சுரபுன்னைகள் தலைக்குமேல் கூடின. ஓரிடத்தில் இருளர் பெண்கள் மூவர் மார்பளவு நீரில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். பற்களில் பறியைக் கவ்வி, இரண்டு கையாலும் வேரடிச் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். சின்ன வயதில் நான் வேடிக்கை பார்த்த அதே பிடி. முதலில் இருந்தவர் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். வாய் திறக்க முடியாதே.

ஒரு தில்லை மரத்தடியில் படகை ஒட்டினோம். சேற்றுத் திட்டு வெயிலில் திறந்திருந்தது. மருமகள் வாங்கித் தந்த இருகண் நோக்கியை எடுத்தேன். முதலில் ஒன்றுமில்லை. நண்டு வளைகள், காய்ந்த இலை, ஒரு பிஸ்கட் உறை. கண் பழகச் சிறிது நேரம் பிடித்தது. பிறகு, நீர் விளிம்பில், கடுகு சிதறியதுபோல்.

ஓடி, நின்று, திரும்பி.

"என்ன சார் பாக்குறீங்க?"

நோக்கியைக் கொடுத்தேன். தம்பி வெகுநேரம் பார்த்தான். "அட, இதா. தினம் இருக்கும் சார். துடுப்பு பட்டா எந்திரிச்சி வேர்ல போய் ஒக்காரும். பேரெல்லாம் தெரியாது."

"எனக்கும் தெரியாதுப்பா."

பறியைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த இருளப் பெண்மணியும் படகருகே வந்து நின்றார். அவருக்கும் காட்டினேன். நோக்கி வேண்டாமென்று கையசைத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார். "தண்ணி ஏறுறதுக்கு முன்னாடியே இதுங்க ஏறிடும். இதுங்க வேரு மேல போனா நாங்களும் இடம் மாத்துவோம்" என்றார்.

குறிப்பேட்டை எடுத்தேன். பேனாவைப் பைக்குள் திரும்ப வைத்துவிட்டுப் பென்சிலைத் தேடினேன். தேதி, மணி, ஓதம் இறக்கம், தில்லை மரத்தடி, வெயில். எத்தனை என்று எண்ணத் தொடங்கினோம். தம்பி இடது பக்கம், நான் வலது பக்கம். நாற்பத்து மூன்றில் அவை ஓடி எங்களைக் குழப்பிவிட்டன. மறுபடி முதலிலிருந்து எண்ணினோம்.